மில்லி விநாடி மின்சாரம், பத்து நிமிடத் தூக்கம்

1991 மே 4, சனிக்கிழமை. கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் மெல்லோட்டம் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷுக்கு மூச்சு வாங்கியது. வழக்கத்துக்கு மாறாக அசந்து போனார். பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்தால், இதயம் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். நம்மூர் இதயப் பிரிவுகளில் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள்.

மருந்துகள் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சரியாகவில்லை. திங்கள் காலைக்குள் தாளம் திரும்பாவிட்டால் நெஞ்சில் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது என்று முடிவானது. அப்போதுதான் செய்தியாளர்கள் திடுக்கிட்டார்கள். அதிர்ச்சி கொடுப்பதென்றால் அதிபரை மயக்க வேண்டும். மயக்கினால் அந்த நேரத்துக்கு நாட்டின் அதிகாரத்தைத் துணை அதிபர் டான் குவேலிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். 1967-ல் நடைமுறைக்கு வந்த 25-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்கு வழி வைத்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: 1985-ல் ரீகனுக்குக் குடல் அறுவை நடந்தபோது ஏறக்குறைய 8 மணி நேரம் அதிபர் பொறுப்பைக் கையில் வைத்திருந்தவர் இதே புஷ்தான்.

கடைசியில் எதுவும் தேவைப்படவில்லை. திங்களன்று மருந்திலேயே தாளம் திரும்பிவிட்டது. அவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்பதும், அதுதான் இதயத்தைக் கிளப்பிவிட்டது என்பதும் சில நாட்களில் தெரியவந்தது.

அந்த இரண்டு நாட்களில் உலகப் பத்திரிகைகள் கவலைப்பட்டது மின்சாரத்தைப் பற்றி இல்லை, மயக்கத்தைப் பற்றித்தான். மருத்துவ நோக்கில் பார்த்தாலும் அந்தக் கவலை சரியான இடத்தில்தான் இருந்தது. கார்டியோவெர்ஷன் எனப்படும் இந்தச் சிகிச்சையில் மின்சாரம் பாய்வது 10 முதல் 20 மில்லி விநாடி வரை. கண் சிமிட்ட அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்தத் துளி நேரத்துக்காக ஒருவரைப் பத்து நிமிடம் தூங்க வைக்கிறோம். வீட்டுக்காரர்கள் ‘கரண்ட்’டை நினைத்துப் பயப்படுகிறார்கள். அறைக்குள் இருப்பவர்களின் கவனமோ பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான்.

எதற்கு இந்த மின்சாரம்

இதயத்தின் மேலறைகளில் ஒரே இடத்தில் பிறக்க வேண்டிய மின் தூண்டல், ஏ.எஃப்.பில் நூறு இடங்களில் கிளம்பிச் சுழல்கிறது. மேலறை சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகிறது. கீழறை அகப்பட்ட தூண்டலுக்கெல்லாம் பதில் சொல்லித் தாறுமாறாக அடிக்கிறது. சிலருக்குப் படபடப்பு, சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நம் நாட்டில் இளம் வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே இது வருவதுண்டு.

மொத்த இதயத்துக்கும் ஒரே நேரத்தில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் எல்லாச் சுழல்களும் ஒருசேர அணையும். பிறகு இயல்பான இடம் தானாக ஆட்சியை எடுத்துக்கொள்ளும். சந்தையில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது யாரோ தகர டின்னை ஓங்கித் தட்டினால் ஒரு கணம் அமைதி வருமே, அது மாதிரி.

இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கியவர் பாஸ்டன் நகர இதய மருத்துவர் பெர்னார்ட் லவுன். அவருக்கு முன்பே 1947-ல் கிளாட் பெக் திறந்த நெஞ்சிலும், 1956-ல் பால் ஸோல் மூடிய நெஞ்சின் மேலிருந்தும் நின்றுபோகும் இதயங்களுக்கு மின்சாரம் கொடுத்து மீட்டிருந்தார்கள். ஆனால் அது வீட்டுச் சுவரில் வருவது போன்ற மாறுதிசை மின்சாரம். சாகக் கிடப்பவருக்குக் கொடுக்கலாம். நடந்து வந்து படுக்கும் நோயாளிக்கு அது ஆபத்து. லவுனும் பாருக் பெர்கோவிட்ஸ் என்ற பொறியாளரும் மின்தேக்கியில் சேமித்த நேர்திசை மின்சாரத்துக்கு மாறினார்கள். இதயத் துடிப்பில் ஒரு பலவீனமான கணம் இருக்கிறது. கீழறை அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது ஈசிஜியில் எழும் டி அலை உச்சிக்குப் போகும் நேரம் அது. அப்போது அதிர்ச்சி விழுந்தால், சரிசெய்யப் போன கையே கீழறையை நடுங்க வைத்துவிடும். அதனால் கீழறை சுருங்கத் தொடங்கும்போது கூராக எழும் ஆர் அலையைக் கண்டுபிடித்து அதன்மேல் மட்டும் அதிர்ச்சியை இறக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 1962-ல் வெளியான இந்த முறைக்குக் கார்டியோவெர்ஷன் என்று பெயர் வைத்தவரும் லவுன்தான். பிற்காலத்தில் அணு ஆயுதத்துக்கு எதிரான மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கி, அந்த அமைப்பு 1985-ல் அமைதி நோபல் வாங்கியது தனிக்கதை.

எவ்வளவு வலிக்கும்

இன்று ஏ.எஃப்.புக்கு வழக்கமாகக் கொடுப்பது 120 முதல் 200 ஜூல் வரை. 200 ஜூல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து மேசை உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல். அந்த மூட்டையை ஒருவர் மெதுவாகத் தூக்கினால் இரண்டு விநாடி ஆகும். அதே ஆற்றல் நூறில் ஒரு விநாடியில் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிறது. நெஞ்சுத் தசை, தோள், கை எல்லாம் ஒரே வெட்டாக வெட்டும்.

விழித்திருக்கும்போது இப்படி அதிர்ச்சி வாங்கியவர்கள் உலகில் உண்டு. திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் பதிக்கும் ஐசிடி கருவி, கீழறை ஆபத்தாக ஓடத் தொடங்கினால் கேட்காமல் கொள்ளாமல் அதிர்ச்சி கொடுக்கும். முதல் கருவியை மிஷேல் மிரோவ்ஸ்கியின் குழு 1980-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பொருத்தியது. கருவியின் கம்பி இதயத்துக்குள்ளேயே இருப்பதால் அதற்கு 30, 40 ஜூலே போதும். அதற்கே, “நெஞ்சில் குதிரை உதைத்த மாதிரி” என்கிறார்கள். அடுத்த உதை எப்போது விழுமோ என்ற பயத்தில் வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள், குளிக்கத் தனியாகப் போகாதவர்கள் உண்டு.

வலி ஒரு கருவியையே தோற்கடித்த கதையும் இருக்கிறது. 1990-களில் ஏ.எஃப்.புக்கென்றே மெட்ரிக்ஸ் என்ற பெயரில் உடலுக்குள் பதிக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். சில ஜூல் ஆற்றலிலேயே மேலறையின் தாளத்தைத் திருப்பியது. தொழில்நுட்பத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர்களுக்கு ஒரு ஜூல் அளவிலேயே வலி தொடங்கிவிடுகிறது. ஏ.எஃப். உடனே கொல்லும் நோயும் இல்லை. உயிர் போகும் என்றால் குதிரை உதையைப் பொறுத்துக்கொள்வார்கள். படபடப்புக்காக மாதம் ஒரு உதை யாருக்கு வேண்டும்? அந்த வகைக் கருவி நிலைக்கவில்லை.

ஏ.எஃப். திரும்பத் திரும்ப வரும் நோய். இன்று சரியானவர் ஆறு மாதத்தில் மறுபடி வரலாம். முதல்முறை நடந்தது கொடுங்கனவாக நினைவில் தங்கிவிட்டால் அடுத்தமுறை அவர் வரமாட்டார், “மாத்திரையே போதும் சார்” என்பார். ஆகவே இங்கே மயக்கம் கொடுப்பதை வெறும் கருணையாகப் பார்க்க முடியாது. இந்தச் சிகிச்சை தொடர்ந்து நடப்பதற்கே அதுதான் அடித்தளம்.

பால் நிற மருந்து

மயக்க மருத்துவர் வேண்டுவது கொஞ்சம் விசித்திரமான பட்டியல். ஒரு நிமிடத்துக்குள் தூங்க வேண்டும். அதிர்ச்சி விழும்போது தெரியக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது, ரத்த அழுத்தம் சரியக் கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் எழுந்து பேர் சொல்ல வேண்டும். குழாய் போட்டுச் செயற்கை மூச்சு கொடுக்கும் அளவுக்குப் போகவும் கூடாது. இத்தனையையும் தரும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றும் கலைதான் நடக்கிறது.

தொடக்க காலத்தில் தயோபென்டால், பிறகு டயசெபம். டயசெபம் மயக்கும், மறக்க வைக்கும். ஆனால் ஊசி போட்ட நரம்பு புண்ணாகும், மப்பு நாள் முழுக்க நிற்கும். அதன் இடத்தில் மிடசோலாம் வந்தது. தண்ணீரில் கரைவதால் நரம்பைக் கடிக்காது, அளவு மீறினால் ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்தும் உண்டு. இருந்தாலும் ஆழமாகத் தூங்க நேரம் எடுக்கும், தெளியவும் நேரம் எடுக்கும்.

இன்று பல இடங்களில் முதலில் கைக்கு வருவது புரொபோஃபால். பால் போல வெள்ளையாக இருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவர். 1977-ல் மனிதர்களில் சோதித்த முதல் வடிவம், அதைக் கரைக்கப் பயன்படுத்திய எண்ணெய்ப் பொருளால் ஒவ்வாமை வந்து கைவிடப்பட்டது. சோயா எண்ணெயையும் முட்டை லெசித்தினையும் வைத்துக் குழம்பாக்கி 1986-ல் மறுபடி வெளியிட்டார்கள். வெள்ளை நிறம் அந்தக் குழம்பினால்தான். கிளெனுக்கு 2018-ல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. ஆங்கிலம் பேசும் மயக்க மருத்துவர்கள் இதை வேடிக்கையாக ‘மறதிப் பால்’ என்பார்கள். 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது. கண்காணிப்புக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் படுக்கையறையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கையில் ஏறும்போதே எரியும். “கை எரியுது டாக்டர்” என்பதுதான் பல நோயாளிகள் மயங்குமுன் சொல்லும் கடைசி வார்த்தை. முப்பது, நாற்பது விநாடியில் இமை மூடும். சில நிமிடங்களில் எழுந்துவிடுகிறார்களே, மருந்து அதற்குள் உடலை விட்டுப் போய்விட்டதா? இல்லை. ரத்தம் அதிகம் ஓடும் மூளைக்கு முதலில் போன மருந்து, பிறகு தசைக்கும் கொழுப்புக்கும் பரவி மூளையில் குறைகிறது. அவர் எழுந்து உட்கார்ந்து பேசும்போதும் போட்ட மருந்தில் கணிசமான பங்கு உடம்புக்குள்தான் இருக்கிறது. இந்தச் சங்கதியைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

எட்டோமிடேட் ரத்த அழுத்தத்தைக் கெடுக்காது. ஆனால் தசைகளை வெட்டி வெட்டி இழுக்க வைக்கும். கார்டியோவெர்ஷனில் இது வெறும் அழகுக் குறைச்சல் இல்லை. கருவி ஈசிஜியில் ஆர் அலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. தசை துடித்தால் கோடெல்லாம் கிறுக்கலாகிவிடும். கெட்டமைன் மூச்சையும் அழுத்தத்தையும் காப்பாற்றும். கூடவே இதயத்தையும் ஓட்டும். 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெமிமசோலாம், மிடசோலாமின் குட்டித் தம்பி, சீக்கிரம் தெளியும் வகை. எது சிறந்தது என்று 2015-ல் காக்ரேன் ஆய்வுக்குழு அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. ஒன்றை உயர்த்திச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. எனக்கு அதில் வியப்பில்லை. மருந்தின் பெயரைவிட அதைத் தள்ளும் கட்டைவிரலின் பொறுமைதான் இங்கே பெரியது என்று நினைக்கிறேன்.

பொறுமை என்று சொன்னேனே

கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். கொண்டுபோவது ரத்த ஓட்டம். ரத்தத்தைத் தள்ளுவது இதயம். அந்த இதயம்தானே இங்கே கெட்டிருக்கிறது? நல்ல இதயத்தில் அரை நிமிடத்தில் போகும் மருந்து, தாளம் தப்பி, தசை தளர்ந்த இதயத்தில் ஒரு நிமிடம், அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும்.

காட்சியை நினைத்துப் பாருங்கள். எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று என இரண்டு ஒட்டுத் தகடுகள். இதய மருத்துவர் கருவிக்குப் பக்கத்தில். மயக்க டாக்டர் தலைமாட்டில், 3 மில்லி மருந்து தள்ளியாயிற்று. முப்பது விநாடி. பெரியவர் விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். நாற்பது விநாடி. “ஐயா, தூக்கம் வருதா?” “இல்லயே.” அறையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் பழகாத கை இன்னொரு 3 மில்லியைத் தள்ளும். பத்து விநாடி கழித்து முதல் தவணை மூளைக்கு வந்து சேரும், பெரியவர் தூங்குவார். அப்புறம் இரண்டாவது தவணையும் வரும். மூச்சு நிற்கும், அழுத்தம் சரியும். பழகிய கை அந்த ஒரு நிமிடம் சும்மா இருக்கும். சும்மா இருப்பதற்குத்தான் வருடக்கணக்கில் பயிற்சி.

லேசான மயக்கம், நடுத்தர மயக்கம், ஆழ்ந்த மயக்கம், முழு மயக்கம் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. தாளில் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரியும். உண்மையில் அது சறுக்கு மரம். கூப்பிட்டால் கண் திறப்பவர், அரை மில்லி கூடினால் கிள்ளினாலும் அசையாதவராகிவிடுவார். கார்டியோவெர்ஷனுக்கு வேண்டியது கிட்டத்தட்ட சறுக்கு மரத்தின் அடிப்பகுதி, தரையைத் தொடாமல்.

அந்த ஆழத்தில் முதலில் தோற்பது தொண்டை. தாடை தளர்ந்து நாக்கு பின்னால் விழும், மூச்சுப்பாதை அடைபடும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்றோ போகாது. மருத்துவர் இரண்டு கை விரல்களையும் காதுக்குக் கீழே தாடை எலும்பின் மூலையில் கொடுத்து முன்னால் தூக்கிப் பிடிப்பார். அவ்வளவுதான், ‘ஹ்ஹ்’ என்று மூச்சு இறங்கும். எவ்வளவோ கருவிகள் வந்துவிட்டன. இந்த விரல் வேலைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

அதனால்தான் முதல் நாளே கேட்கிறார்கள், அதுவும் நோயாளியிடம் இல்லை, மனைவியிடம்: “அம்மா, ஐயா ராத்திரி குறட்டை விடுவாரா?” “வீடே அதிரும் டாக்டர். நடுவுல நடுவுல மூச்சே நின்ன மாதிரி இருக்கும்.” தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் ஏ.எஃப். வருவதற்கே ஒரு காரணம். இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களில் அத்தகையவர் நிறைய. எந்தத் தொண்டை இரவில் இதயத்தைக் கெடுத்ததோ, அதே தொண்டைதான் மயக்கத்திலும் காலை வாரும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பைக் கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அறிவோம். மயக்கத்தின்போது அதை முழுதாக நம்ப முடியாது. முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பியிருப்பார்கள். அதனால் மூச்சு நின்ற பிறகும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திரையில் 99, 100 என்றே ஓடும். எண் இறங்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபோ மூச்சு நின்ற கணமே கோட்டைத் தட்டையாக்கிவிடும். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011-லிருந்து இத்தகைய மயக்கங்களுக்கும் அதைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. நம்மூரில் சின்ன மருத்துவமனைகளிலும் கிளிப் இருக்கும். இது எல்லா இடத்திலும் இருக்காது.

காபி சாப்பாடா?

வெறும் வயிறு என்ற விதி ஏன் என்பதை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. மயங்கியவரின் தொண்டைக்குக் காவல் இல்லை. வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். அதனால் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் இடைவெளி.

தகராறு வருவது காலைக் காபியில்தான். “ஒண்ணும் சாப்பிடல, காபி மட்டும்தான்” என்பார்கள். பால் வயிற்றில் திரிந்து கட்டியாவதால் அது திட உணவுக் கணக்கில் சேரும். ஏழு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபி, எட்டு மணிச் சிகிச்சையை மதியத்துக்குத் தள்ளிவிடும். கடுங்காபியாக இருந்தால் தெளிந்த நீர்க் கணக்குதான். இப்போது புதிதாக ஒரு சிக்கல்: எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு வகை ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. எட்டு மணி நேரம் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் உணவு இருக்கலாம். போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்திருந்தால், தாளம் திரும்பியதும் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கும். அதனால் முன்னால் மூன்று வாரம், பின்னால் நான்கு வாரம் ரத்தம் உறையாமைக்கு மாத்திரை. நெடுங்காலம் 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு முன்காத்திருப்பு வேண்டாம் என்றிருந்தது. 2024-ல் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை 24 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. மூன்று வாரம் பொறுக்க முடியாதவர்களுக்கு உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்துக் கட்டி இல்லை என்று உறுதி செய்கிறார்கள். அந்தக் குழாயை விழுங்கவும் மயக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிப்பார்கள். நோயாளிக்கு ஒரே அலைச்சல்தான்; தலைமாட்டில் நிற்பவருக்கோ பாதித் தொண்டையை எக்கோ குழாய் பிடித்துக்கொண்ட நிலையில் மூச்சைக் காக்கும் வேலை.

அந்த ஒரு கணம்

இமையைத் தொட்டால் அசைவில்லை. பல்செட் கழற்றியாயிற்று. ஆக்சிஜன் முகமூடியை அப்புறப்படுத்துகிறார்கள். பொறி பறந்தால் தீ பற்றும். “எல்லாரும் தள்ளுங்க.” தாடையைப் பிடித்திருந்த கையும் விலகுகிறது. மருத்துவர் பொத்தானை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தியபடியே இருக்க வேண்டும். கருவி ஆர் அலைக்காகக் காத்திருக்கிறது. பிறகு ‘தப்’ என்று ஒரு சத்தம், தோள்கள் குலுங்குகின்றன. சினிமாவில் காட்டுவது போல ஆள் கட்டிலை விட்டு ஒரு முழம் எழும்புவதெல்லாம் கிடையாது. சினிமாவில், துடிப்பே நின்று ஈசிஜி காட்டும் நேர்கோட்டுக்குத்தானே ஷாக் வைக்கிறார்கள்? நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் வைப்பதில்லை, அதனால் பலனும் இல்லை.

எல்லாக் கண்களும் திரைக்குப் போகும். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி வெறுமை. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, ஒழுங்கான இடைவெளியில் அடுத்தடுத்து. சிலருக்கு முதல் அதிர்ச்சியில் வராது. ஆற்றலைக் கூட்டி மறுபடி கொடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது: பல கருவிகள் ஒவ்வோர் அதிர்ச்சிக்குப் பிறகும் ஆர் அலையைப் பார்க்கும் முறையிலிருந்து தானாக விலகிவிடும். மறுபடி அதை அழுத்தி வைக்காமல் கொடுத்தால் டி அலையில் விழ வாய்ப்புண்டு. இதற்குள் மருந்து கலைந்துகொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் தேவையா, வேண்டாமா என்பதைத் தலைமாட்டில் நிற்பவர் அந்தச் சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும்.

அவசரத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். கீழறை வேகமாக ஓடி, அழுத்தம் 70-க்கு இறங்கி, வேர்த்துக் கொட்டும் ஆள் சுயநினைவோடு இருந்தால் அவருக்கும் மயக்கம் வேண்டும். ஆனால் எந்த மருந்தும் அந்த அழுத்தத்தை இன்னும் இறக்கலாம். எட்டோமிடேட்டோ கெட்டமைனோ கைக்கு வருவது அப்போதுதான். வழக்கமான அளவில் கால்வாசி, பாதி. நினைவே தப்பியவருக்கு மயக்கத்துக்காகத் தாமதிப்பதில்லை.

யார் கொடுப்பது

இதில் ஊருக்கு ஊர் சண்டை. புரொபோஃபாலை முழு மயக்கம் கொடுக்கப் பயின்றவர்கள் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்தோடு வரும் விவரத் தாளிலேயே இருக்கிறது. அப்படியும் பல நாடுகளில் இதய மருத்துவர்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மயக்கம் கொடுத்துப் பாதுகாப்பாக முடித்ததாக அறிக்கைகள் வந்தபடி இருக்கின்றன. பிரிட்டனில் செவிலியர்களே முன்னின்று நடத்தும் கார்டியோவெர்ஷன் பிரிவுகள் உண்டு.

நம்மூர் நிலை வேறு. சிறு நகரங்களில் ஒரே மயக்க டாக்டர் காலையில் ஒரு நர்சிங் ஹோமில் சிசேரியன், மதியம் இன்னொன்றில் எலும்பு முறிவு என்று ஓடுவார். பத்து நிமிட வேலைக்கு அவரை வரவழைக்கத் தயங்கி, “ரெண்டு மில்லி மிடாஸ் போட்டு முடிச்சிடலாம்” என்று மிடசோலாமைச் சுருக்கிச் சொல்லும் பேச்சு எழுவது புதிதில்லை. என் கருத்து: மருந்தைக் கொடுப்பவரின் பட்டம் எதுவாக இருந்தாலும், மூச்சை மட்டும் பார்ப்பதற்கென்று ஒரு ஆள் தனியாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்துபவரே தாடையையும் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு ஏற்பாடே இல்லை.

அந்த ‘ரெண்டு மில்லி’யில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. குறைந்த அளவு மிடசோலாமில் அதிர்ச்சி விழும்போது சிலர் “அம்மா!” என்று அலறுவார்கள். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால், “ஒண்ணும் தெரியல டாக்டர், நல்லா தூங்கிட்டேன்” என்பார்கள். மருந்து நினைவு பதிவதைத் தடுக்கிறது, வலியைத் தடுப்பதில்லை. நோயாளிக்கு நினைவில்லாத வலி வலியா? புகார் எதுவும் வராது, கோப்பில் ‘மயக்கம் போதுமானது’ என்று எழுதியிருக்கும். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மகள் மட்டும் அந்தக் குரலைக் கேட்டிருப்பாள். அவளை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் சமாதானம் இல்லை. அலறியவர் அந்தக் கணத்தில் அங்கே இருந்தார்தானே.

எழுந்த பிறகு

2003 அக்டோபரில் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேருக்கு இதயம் வேகமெடுத்து, ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சியில் சரிசெய்தார்கள். அன்றே வீடு திரும்பினார். அங்கே அதிபரின் கடிதம் போன்ற எழுத்துபூர்வ ஏற்பாடு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் 2002-ல் இளைய புஷ், குடல் பரிசோதனைக்கு மயங்கியபோது இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக டிக் செனியிடம் பொறுப்பை எழுதிக் கொடுத்தார். அப்பா இதயத்துக்காகச் செய்யாமல் தப்பியதை மகன் குடலுக்காகச் செய்தார்.

அந்த ஏற்பாட்டின் சாதாரண மனித வடிவம் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் தாளிலும் இருக்கிறது: 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது, முக்கியமான ஆவணங்களில் கையெழுத்திடக் கூடாது. மேலே சொன்னேனே, எழுந்து பேசுபவரின் உடம்பில் மருந்து இன்னும் இருக்கிறது என்று. ஆள் தெளிவாகத்தான் பேசுவார். மகனை அடையாளம் தெரியும், இட்லிக்குக் காரச் சட்னி வேண்டும் என்பார். ஐந்து நிமிடம் முன்பு மருத்துவர் சொன்னதைக் கேட்டால் முழிப்பார்.

செவிலியர் அந்தத் தாளை வாசித்துக் காட்டும்போது பெரியவர் சிரித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்திரப் பதிவு, டோக்கன் வாங்கியாகிவிட்டது என்பார். மகன் அப்பாவைப் பார்ப்பார், அப்புறம் செவிலியரைப் பார்ப்பார். “டோக்கனை மாத்திக்கலாம் தம்பி,” என்பார் செவிலியர், தாளை மடித்து மகன் கையில் கொடுத்தபடி.